பிராக்டிகல் ஷூட்டிங் போட்டிக்கு முதல் பிஸ்டல்: எந்த வரிசையில் யோசித்து வாங்குவது

பிராக்டிகல் ஷூட்டிங் என்பது நேரத்தோடு போட்டி போட்டு, நகர்ந்துகொண்டே பல இலக்குகளைச் சுடும் விளையாட்டு. அதற்கான கிளப்புக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்கிற முதல் கேள்வி, "எந்த பிஸ்டல் வாங்கலாம்?" என்பது. "எந்த டிவிஷனில், அதாவது துப்பாக்கி வகைப்படி பிரித்த எந்தப் போட்டிப் பிரிவில், சுடப் போகிறீர்கள்?" என்று திருப்பிக் கேட்டால் பதில் வராது. சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. பார்த்ததும் பிடித்துப்போன துப்பாக்கியை வாங்கிவிட்டு, அப்புறம் அதற்கு ஒரு டிவிஷன் தேடினால், பல நேரம் அது எங்கேயும் ஒழுங்காகப் பொருந்தாது. அனுமதியில்லாத ஒரு ட்ரிகர் மாற்றம், குழல் முனையில் ஒரு துளை, சற்றே கூடுதல் நீளம், இவற்றில் ஏதாவது ஒன்று போதும். உங்களைத் தூக்கி, போட்டிக்கென்றே மாற்றியமைத்த ரேஸ் துப்பாக்கிகளோடு மோத வைத்துவிடுவார்கள். டிவிஷன், தோட்டா, கை, ட்ரிகர், கடைசியாக மாடல் என்ற வரிசையில் யோசித்தால் இந்த வம்பு வராது.

அதற்கும் முன்னால் சட்டம். உரிமம் எப்படி வாங்குவது, ஒருவர் எத்தனை துப்பாக்கி வைத்திருக்கலாம், எந்தத் தோட்டா ரகம் பொதுமக்களுக்கு அனுமதி என்பதெல்லாம் நாட்டுக்கு நாடு மாறும். ராணுவம் பயன்படுத்தும் தோட்டா ரகங்களைச் சில நாடுகள் பொதுமக்களுக்குத் தருவதில்லை. இத்தாலியில் நெடுங்காலம் சாதாரண 9×19 (9 மி.மீ. குண்டு, 19 மி.மீ. நீளக் கூடு) தோட்டாவைப் பொதுமக்கள் பிஸ்டலில் பயன்படுத்த முடியாமல் இருந்தது. அதனால் அங்கே 9×21 என்ற ரகம் பரவியது. உங்கள் ஊர் நிலவரத்தை கிளப் செயலாளரிடமும் உரிமம் தரும் அலுவலகத்திலும் கேட்டுத் தெரிந்துகொண்டு மேலே படியுங்கள்.

வாங்கும் முன் ஒரு போட்டியைப் பாருங்கள்

கண்ணாடியும் காதுக் கவசமும் போட்டுக்கொண்டு ஒரு போட்டியை முழுதாக நின்று பாருங்கள். இலக்குகளை ஒட்டவும் இரும்புத் தகடுகளை நிமிர்த்தவும் உதவி செய்தால் இன்னும் நல்லது. யாரிடமும் பேச்சுக் கொடுக்கத் தயங்க வேண்டியிருக்காது. யார் எந்தத் துப்பாக்கி வைத்திருக்கிறார்கள், எது நடுவில் நின்றுபோகிறது, எந்த டிவிஷனில் ஆள் அதிகம் என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். பல நாடுகளில் பாதுகாப்புப் பயிற்சி முடித்துச் சான்று வாங்கினால்தான் போட்டியில் சேர்க்கவே செய்வார்கள். அந்தப் பயிற்சிக்கு கிளப் துப்பாக்கியே போதும் என்றால் அதையே பயன்படுத்துங்கள். சொந்தத் துப்பாக்கி இல்லையே என்று காத்திருக்க வேண்டியதில்லை.

புள்ளிக் கணக்கு தெரியாமல் துப்பாக்கி தேர்வு செய்ய முடியாது

இந்த விளையாட்டின் உலக அமைப்பு ஐபிஎஸ்சி (இன்டர்நேஷனல் பிராக்டிகல் ஷூட்டிங் கான்ஃபெடரேஷன்). 1976-இல் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் கொலம்பியா நகரில் நடந்த கூட்டத்தில் உருவானது. முதல் தலைவர் ஜெஃப் கூப்பர். துல்லியம், வலிமை, வேகம் மூன்றையும் சேர்த்து அளப்பதுதான் அதன் அடிப்படை. இந்த மூன்றும் புள்ளிக் கணக்கில் எப்படிச் சேர்கின்றன என்று புரிந்தால் பாதித் தேர்வு முடிந்த மாதிரி.

ஒரு ஸ்டேஜில் (இலக்குகளை அமைத்துவைத்த ஒரு களத்தில்) எடுத்த மொத்தப் புள்ளியை, எடுத்துக்கொண்ட நொடிகளால் வகுத்தால் வருவது ஹிட் ஃபேக்டர். அட்டை இலக்கில் ஏ, சி, டி என்று மூன்று பகுதிகள். ஏ பகுதியில் பட்டால் எல்லோருக்கும் 5 புள்ளி. சி, டி பகுதிகளில் வித்தியாசம் உண்டு: வலிமையான தோட்டா சுடுகிற மேஜர் ஆட்களுக்கு 4, 2, லேசான தோட்டா சுடுகிற மைனர் ஆட்களுக்கு 3, 1. குறி தவறினால் 10 புள்ளி கழியும். சுடக்கூடாத இலக்கில் பட்டாலும் 10 கழியும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 12 தோட்டா ஸ்டேஜ். எல்லாம் ஏ பகுதியில், 10 நொடி: 60 வகுத்தல் 10, ஹிட் ஃபேக்டர் 6. இன்னொருவர் மைனரில் பத்தை ஏயிலும் இரண்டை சியிலும் வைத்து 8 நொடியில் முடிக்கிறார்: 56 வகுத்தல் 8, அதாவது 7. இதையே மேஜரில் செய்திருந்தால் 58 வகுத்தல் 8, 7.25. இப்போது அந்த மைனர் ஆளுக்குத் துப்பாக்கி ஒருமுறை சிக்கிக்கொண்டது, சரிசெய்ய 3 நொடி ஆனது என்று வையுங்கள். 56 வகுத்தல் 11, வெறும் 5.09. மேஜர் தோட்டா கொடுத்த லாபம் கால் புள்ளி. ஒரு சிக்கல் தின்றது கிட்டத்தட்ட இரண்டு.

இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால், புதியவருக்கு வேண்டியது எப்படிப்பட்ட துப்பாக்கி என்பது தெளிவாகிவிடும். அது நிற்காமல் ஓட வேண்டும். கையில் சரியாக உட்கார வேண்டும். மற்றதெல்லாம் அப்புறம்.

படி 1: டிவிஷனை முடிவு செய்யுங்கள்

ஐபிஎஸ்சி கைத்துப்பாக்கிப் போட்டியில் முக்கியமான டிவிஷன்கள் ஓபன், ஸ்டாண்டர்ட், கிளாசிக், புரொடக்ஷன், புரொடக்ஷன் ஆப்டிக்ஸ், ரிவால்வர். ஒவ்வொன்றையும் ஒரு சட்டைப் பைக்குள் அடங்குகிற அளவுக்குச் சொல்கிறேன்.

ஓபன் டிவிஷனில் ஏறத்தாழ எல்லாமே நடக்கும். சிவப்புப் புள்ளி காட்டும் கண்ணாடி, துள்ளலை அடக்க முனையில் காம்பென்சேட்டர், 170 மி.மீ. வரை நீளமான மேகசின் (தோட்டா அடுக்கும் பெட்டி). பார்க்கப் பரவசமாக இருக்கும். ஆனால் துப்பாக்கிக்கு ஒரு செலவு, அதைச் சரியாக ஓடவைக்கத் தோட்டாவுக்கு இன்னொரு செலவு, தட்டிக்கொட்டிச் சரிசெய்ய நேரம் வேறு. பிரான்ஸின் எரிக் க்ராஃபெல் 1999-இல் ஓபனில் உலகச் சாம்பியன் ஆனவர். அவரைப் பார்த்துவிட்டு முதல் துப்பாக்கியாகவே ஓபன் வாங்க நினைக்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கு என் பதில், இரண்டு பருவம் பொறுங்கள் என்பதுதான்.

ஸ்டாண்டர்டில் கண்ணாடியும் காம்பென்சேட்டரும் கிடையாது. மேகசின் செருகிய துப்பாக்கி 225×150×45 மி.மீ. பெட்டிக்குள் அடங்க வேண்டும். மேஜர் புள்ளி வேண்டுமென்றால் குண்டின் விட்டம் குறைந்தது 10 மி.மீ. இருக்க வேண்டும் என்பதால் இங்கே பாயின்ட் 40 ரகத் தோட்டாவும், 1911 என்ற பழைய அமெரிக்க ராணுவ பிஸ்டலின் வடிவத்தில் இரட்டை வரிசை மேகசின் வைத்த 2011 வகைத் துப்பாக்கிகளும்தான் ராஜா.

கிளாசிக் என்பது 1911 வடிவத் துப்பாக்கிகளுக்கானது. மேஜர் என்றால் மேகசினில் 8, மைனர் என்றால் 10. அழகான டிவிஷன், மேகசின் மாற்றுவதே பாதி வேலை. ரிவால்வர் டிவிஷனில் தோட்டா நிரப்பும் வேலை இன்னும் கூடும். அங்கே போகிறவர்கள் காதலுக்காகப் போகிறவர்கள், அவர்களுக்கு அறிவுரை தேவையில்லை.

மீதி இரண்டு: புரொடக்ஷன், புரொடக்ஷன் ஆப்டிக்ஸ். தொழிற்சாலையிலிருந்து வருகிற துப்பாக்கியை ஏறத்தாழ அப்படியே சுட வேண்டும். மாடல், ஐபிஎஸ்சி அனுமதிப் பட்டியலில் இருக்க வேண்டும். குழல் நீளம் 127 மி.மீ.க்கு மேல் கூடாது. எல்லோருக்கும் மைனர் புள்ளிதான். புரொடக்ஷனில் தொடக்க ஒலி கேட்கும்போது துப்பாக்கியில் 15 தோட்டாவுக்கு மேல் இருக்கக் கூடாது. ஆப்டிக்ஸ் பிரிவில் ஸ்லைடின் (சுடும்போது முன்னும் பின்னும் ஓடும் மேல்பகுதியின்) மேல் சிவப்புப் புள்ளிக் கண்ணாடி உண்டு.

புதியவர்களை நான் இந்த இரண்டில் ஒன்றுக்குத்தான் அனுப்புவேன். எல்லோரும் மைனரில் சுடுவதால் மலிவான 9 மி.மீ. தோட்டாவே போதும், மேஜர் ஆட்களிடம் பின்தங்கிவிட்டோமோ என்ற கவலை இல்லை. துப்பாக்கியில் செய்யக்கூடிய மாற்றங்கள் குறைவு என்பதால் பணத்தைக் கொட்டி ஜெயிக்கிற வழியும் குறைவு. மிக முக்கியமாக, கிளப்பில் பாதிப் பேர் இதையே சுடுவார்கள். மேகசின் மறந்துவிட்டு வந்தால் கடன் கேட்கலாம், ஸ்பிரிங் உடைந்தால் யாரோ ஒருவர் பையில் இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. டிவிஷன் விதியை மீறின துப்பாக்கியோடு வந்தால் வழக்கமாக உங்களை ஓபனுக்கு மாற்றிவிடுவார்கள். 15 தோட்டாவும் மைனர் புள்ளியும் வைத்துக்கொண்டு ஓபன் ஆட்களோடு ஓடுவது சித்திரவதை. எனவே "ட்ரிகரை லேசாக்கித் தருகிறேன்" என்று யாராவது சொன்னால், முதலில் விதிப் புத்தகத்தைத் திறங்கள்.

உங்கள் கிளப் அமெரிக்காவின் யுஎஸ்பிஎஸ்ஏ அமைப்பின் விதிகளிலோ, 1996-இல் தொடங்கிய ஐடிபிஏ என்ற தற்காப்புத் துப்பாக்கிப் போட்டி அமைப்பின் விதிகளிலோ போட்டி நடத்தலாம். அங்கே பிரிவுகளின் பெயரும் மேகசின் எண்ணிக்கையும் வேறு. உதாரணமாக, யுஎஸ்பிஎஸ்ஏவில் ஸ்லைடில் கண்ணாடி வைத்த பிரிவுக்கு கேரி ஆப்டிக்ஸ் என்று பெயர். எந்த அமைப்பாக இருந்தாலும் நடப்பு விதிப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டே வாங்கப் போங்கள். விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். மூன்று வருடம் முன்பு நண்பர் சொன்னது இன்றைக்குச் செல்லாமல் போகலாம்.

படி 2: தோட்டா

புரொடக்ஷன் என்று முடிவானால் இது சின்ன விஷயம்: சட்டம் அனுமதிக்கிற இடத்தில் 9×19. விலை குறைவு, எங்கும் கிடைக்கும், துள்ளல் குறைவு. ஐபிஎஸ்சியில் அனுமதிக்கப்படுகிற குறைந்தபட்ச அளவும் அதுதான்.

தெரிந்துகொள்ள வேண்டியது பவர் ஃபேக்டர். குண்டின் எடையை கிரெய்ன் என்ற சிறு எடை அளவிலும் வேகத்தை நொடிக்கு இத்தனை அடி என்றும் எடுத்துப் பெருக்கி, 1000-ஆல் வகுக்க வேண்டும். 124 கிரெய்ன் குண்டு நொடிக்கு 1,050 அடி வேகத்தில் போனால் 130.2. மைனருக்குக் குறைந்தபட்சம் 125. மேஜருக்கு ஐபிஎஸ்சி ஸ்டாண்டர்டில் 170, ஓபனில் 160, யுஎஸ்பிஎஸ்ஏவில் 165. பெரிய போட்டிகளில் உங்கள் தோட்டாக்களை வாங்கி, வேகமானியில் சுட்டுப் பார்ப்பார்கள். 125-க்குக் கீழே இறங்கினால் அன்றைய முழுப் போட்டிக்கும் புள்ளி பூஜ்யம்.

இது துப்பாக்கித் தேர்வோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. குழல் குட்டையாக இருந்தால் அதே தோட்டா மெதுவாகப் போகும். 127 மி.மீ. குழலில் 130 காட்டுகிற தோட்டா, இடுப்பில் மறைத்து வைக்கும் சிறு பிஸ்டலில் 125-க்குக் கீழே போய்விடலாம். முழு அளவுத் துப்பாக்கி வாங்கச் சொல்வதற்கு இது ஒரு காரணம். இன்னொன்று, முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே தூரம் அதிகமாக இருந்தால் குறி வைக்கும்போது நேரும் சிறு பிசகும் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

படி 3: கைக்குப் பொருந்துகிறதா

இதற்குத்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். மாடல் பெயரைப் பற்றி மணிக்கணக்கில் விவாதிக்கிறவர்கள் கையில் எடுத்துப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஒதுக்குவதில்லை.

முதலில், தோட்டா இல்லை என்று நீங்களே கண்ணாலும் விரலாலும் பார்த்து உறுதி செய்யுங்கள். விற்பவர் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார் என்றாலும் பாருங்கள். அப்புறம் பாதுகாப்பான திசையில் நீட்டி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள சதை, கைப்பிடியின் பின்புறம் எவ்வளவு மேலே போக முடியுமோ அவ்வளவு மேலே போகும்படி பிடியுங்கள். குழலின் கோடும் முன்கையின் கோடும் ஏறத்தாழ ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். அந்தப் பிடியை மாற்றாமலே ஆள்காட்டி விரல் நுனிச் சதை ட்ரிகரின் நடுவில் உட்கார வேண்டும். எட்டவில்லை என்பதற்காகத் துப்பாக்கியைக் கைக்குள் சுற்றி வைத்துக்கொண்டால், துள்ளல் கட்டைவிரல் மூட்டில் போய் இடிக்கும். வேகமாகச் சுடும்போது குண்டுகள் ஒரு பக்கமாக ஒதுங்கும்.

சிறிய கை உள்ளவர்கள் ஒன்றை மறக்காமல் பார்க்க வேண்டும். வெளியே சுத்தி (தோட்டாவை வெடிக்க வைக்கத் தட்டும் பாகம்) உள்ள, ட்ரிகரை இழுத்தாலே சுத்தியும் பின்னுக்குப் போய் விழும் டபுள் ஆக்ஷன் துப்பாக்கிகளில் சுத்தி இறங்கியிருக்கும்போது ட்ரிகர் இன்னும் முன்னால் தள்ளி நிற்கும். சுத்தியை இழுத்து வைத்துப் பார்த்துவிட்டு "எட்டுகிறதே" என்று வாங்கினால், போட்டியில் முதல் குண்டுக்கு எட்டாது. சுத்தியை இறக்கி வைத்துப் பாருங்கள். பாலிமர் துப்பாக்கிகளில் பலவற்றுக்கு கைப்பிடியின் பின்பக்கத் தகடுகளை மாற்றி அளவைக் கூட்டவோ குறைக்கவோ முடியும். இது வாங்கும்போது பெட்டியில் வருகிறதா என்று கேளுங்கள்.

அடுத்து மேகசின் பொத்தான். பிடியை லேசாகத் திருப்பிக் கட்டைவிரலால் அழுத்த முடிந்தால் போதும்; முழுப் பிடியையும் விட்டுவிட்டுத் தேட வேண்டியிருந்தால் ஒவ்வொரு மேகசின் மாற்றத்திலும் நேரம் போகும். இடக்கைக்காரர்கள் பொத்தானை மறுபக்கம் மாற்ற முடியுமா, பாதுகாப்பு நெம்புகோல் இரண்டு பக்கமும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்துப் பாருங்கள். சுத்தி உள்ள துப்பாக்கிகளில் சிலவற்றில் ஸ்லைடு, சட்டகத்தின் உள்ளே ஓடுவதால் பிடித்து இழுக்க மேலே கொஞ்சம்தான் இடம் இருக்கும். வியர்த்த கையால் அது வழுக்கும்.

கடைசியாக ஒரு சோதனை. கண்ணை மூடிக்கொண்டு பாதுகாப்பான சுவர் ஒன்றை நோக்கித் துப்பாக்கியை உயர்த்துங்கள், கண்ணைத் திறங்கள். முன்குறி பின்குறியின் பள்ளத்துக்குள் ஏறத்தாழ உட்கார்ந்திருந்தால் அந்தக் கைப்பிடியின் கோணம் உங்களுக்கு ஒத்துவருகிறது. எப்போதும் மேலேயோ கீழேயோ போய் நின்றால் பழகலாம்தான், ஆனால் அதற்குக் காலம் பிடிக்கும்.

படி 4: ட்ரிகர் வகை

மூன்று வகை. வெளியே சுத்தி இல்லாமல் உள்ளேயே ஓர் ஊசி பாய்ந்து தட்டும் ஸ்ட்ரைக்கர் வகையில் ஒவ்வொரு இழுப்பும் ஒரே மாதிரி. க்ளாக் இதற்குப் பிரபலமான உதாரணம். டபுள் ஆக்ஷன், சிங்கிள் ஆக்ஷன் சேர்ந்த வகையில் முதல் இழுப்பு நீளமாகவும் கனமாகவும் இருக்கும், அடுத்தடுத்தவை குட்டையாக, லேசாக. மூன்றாவது, சுத்தியை முன்பே இழுத்து வைத்தால்தான் சுடும், 1911 போன்ற சிங்கிள் ஆக்ஷன் மட்டும் உள்ள வகை. ஐபிஎஸ்சி புரொடக்ஷனில் இதற்கு இடமில்லை. அங்கே ட்ரிகர் எடைக்கும் கீழ் எல்லை உண்டு: முதல் இழுப்பு குறைந்தது 2.27 கிலோ, அல்லது எல்லா இழுப்பும் குறைந்தது 1.36 கிலோ.

ஸ்ட்ரைக்கரின் நன்மை, கற்றுக்கொள்ள வேண்டியது ஒரே இழுப்பு. தீமை, அந்த இழுப்பு பெரும்பாலும் கொஞ்சம் கொழகொழவென்று இருக்கும். டபுள் ஆக்ஷனில் முதல் குண்டைக் கற்றுக்கொள்ளச் சில மாதம் பிடிக்கலாம். ஆனால் 12 குண்டு ஸ்டேஜில் மீதிப் பதினொன்றும் அருமையான ட்ரிகரில் போகும். போட்டியில் சுத்தி உள்ள எஃகுத் துப்பாக்கிகளை அவ்வளவு பேர் விரும்புவதற்குக் காரணம் இதுதான்.

இதில் ஒரு பாதுகாப்பு விஷயம் புதைந்திருக்கிறது. புரொடக்ஷனில் டபுள் ஆக்ஷன் துப்பாக்கியைச் சுத்தியை இறக்கி வைத்துத்தான் தொடங்க வேண்டும். சுத்தியை இறக்கும் நெம்புகோல் துப்பாக்கியில் இருந்தால், அதை மட்டுமே பயன்படுத்த வேண்டும், ட்ரிகரைத் தொடக் கூடாது. சிஇசட் ஷேடோ 2 போன்றவற்றில் அந்த நெம்புகோல் கிடையாது. குழலில் தோட்டா இருக்க, சுத்தியை விரலால் இறுகப் பிடித்துக்கொண்டு, ட்ரிகரை அழுத்தி, மெதுவாக முழுவதும் இறக்க வேண்டும். விரல் நழுவினால் குண்டு பாயும். ஸ்டேஜ் தொடங்கும் முன்பே அன்றைய போட்டி உங்களுக்கு முடிந்துவிடும். இதை வீட்டில், காலித் துப்பாக்கியில், நூற்றுக்கணக்கான முறை செய்து பழகாமல் போட்டிக்கு வரக் கூடாது. இந்த வேலை உங்களுக்குப் பயமாக இருந்தால் ஸ்ட்ரைக்கர் வகையை எடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

1911, 2011 வகைகளுக்கும் தனி ஒழுக்கம் வேண்டும். சுத்தி இழுத்த நிலையில் இடுப்பு உறைக்குள் போகும்போது பாதுகாப்பு நெம்புகோல் மேலே இருந்தாக வேண்டும். மறந்தால் தகுதி நீக்கம்.

படி 5: எடை, குறி

க்ளாக் 17 காலி மேகசினோடு 700 கிராம் சுமாருக்கு இருக்கும். சிஇசட் ஷேடோ 2 அதே நிலையில் 1,330 கிராம். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. கனமான துப்பாக்கி மைனர் தோட்டாவில் துள்ளவே துள்ளாது. குறி அப்படியே நிற்கும். ஆனால் ஒரு இலக்கிலிருந்து இன்னொன்றுக்குத் திரும்பும்போது வேகத்தில் தாண்டிப் போய்விடும், நாள் முழுக்கச் சுட்டால் மணிக்கட்டு வலிக்கும். லேசான துப்பாக்கி வேகமாகத் திரும்பும், கொஞ்சம் அதிகமாகத் துள்ளும், பிடியில் உள்ள குறையை உடனே காட்டிக்கொடுக்கும். உடம்பு பலமாக இருந்தால் எஃகு, இல்லையென்றால் பாலிமர் என்று பொதுவாகச் சொல்லலாம். ஆனாலும் சுட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

குறியைப் பொறுத்தவரை, இரும்புக் குறி என்றால் முன்குறியில் வெளிச்சத்தை வாங்கி ஒளிரும் ஃபைபர் புள்ளி, பின்குறி வெறும் கறுப்பு. மூன்று வெள்ளைப் புள்ளி வைத்தவை வேகத்தில் கண்ணைக் குழப்பும். முன்குறியின் இரண்டு பக்கமும் வெளிச்சம் நன்றாகத் தெரிகிற மாதிரி அது ஒல்லியாக இருக்கட்டும். கண்ணாடிக் குறி, நாற்பது தாண்டி முன்குறி மங்கலாகத் தெரிகிறவர்களுக்கு உண்மையான வரம். இலக்கைப் பார்த்தாலே போதும், புள்ளி அதன் மேல் வந்து உட்காரும். இளம் கண்களுக்கும் அது எளிதுதான். ஒரே பிரச்சினை, பிடி சரியில்லை என்றால் துப்பாக்கியை உயர்த்தியதும் புள்ளியைக் காணோம் என்று தேட வேண்டிவரும். முடிவெடுக்க முடியவில்லை என்றால் கண்ணாடி பொருத்த வெட்டு உள்ள மாடலை வாங்கி, மூடியோடு இரும்புக் குறியில் தொடங்குங்கள். அந்த வடிவமும் அனுமதிப் பட்டியலில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

படி 6: இப்போது மாடல்

இதுவரை வந்த வடிகட்டலில் தப்பிப்பவை சில மாடல்கள்தான் இருக்கும். ஸ்ட்ரைக்கர் பக்கம் க்ளாக் 17, வால்தர் க்யூ5 மேட்ச், சிக் சாயர் பி320 எக்ஸ்-ஃபைவ் போன்றவை. சுத்தி உள்ள பக்கம் சிஇசட் ஷேடோ 2, டான்ஃபோலியோ ஸ்டாக் வரிசை, பெரெட்டா 92 எக்ஸ் பெர்ஃபார்மன்ஸ். இவற்றில் எதை வைத்தும் மேல் வகுப்பு வரைக்கும் போகலாம்; துப்பாக்கியால் நின்றுபோனேன் என்று சொல்கிற இடத்துக்கு வருவதற்குப் பல வருடம் ஆகும்.

இரண்டு மாடலுக்கு நடுவே தடுமாறினால், உங்கள் கிளப்பில் எது அதிகமாக இருக்கிறதோ அதை வாங்குங்கள். மேகசின், ஸ்பிரிங், உறை, பழுது பார்க்கத் தெரிந்த ஆள் எல்லாம் கூடவே கிடைக்கும். ஊரில் ஒரே ஒருவர் வைத்திருக்கிற அபூர்வத் துப்பாக்கி, உதிரிபாகத்துக்காகக் காத்திருக்கும்போதுதான் கசக்கும்.

பழைய துப்பாக்கி வாங்குவது நல்ல யோசனை. டிவிஷன் மாறுகிறவர்கள் விற்றுக்கொண்டே இருப்பார்கள். எத்தனை தோட்டா சுட்டது, எந்தப் பாகம் மாற்றியது, உள்ளே யார் கை வைத்தது என்று கேளுங்கள். கடைசிக் கேள்விதான் முக்கியம். யாரோ சுத்தியையும் ட்ரிகர் பாகங்களையும் அரத்தால் தேய்த்து "லேசாக்கியிருந்தால்" வேண்டாம். குழல், சுட்ட தோட்டாக் கூட்டை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டரின் நுனி, சட்டகத்தில் விரிசல் உண்டா என்று அனுபவசாலி ஒருவரை வைத்துப் பாருங்கள். ஸ்பிரிங்குகள் தேய்மானப் பொருள், வாங்கியதும் மாற்றிவிடலாம்.

எதுவானாலும் வாங்கும் முன் ஒரு ஐம்பது தோட்டாவாவது சுட்டுப் பாருங்கள். கிளப்பில் பணிவாகக் கேட்டால் தன் துப்பாக்கியைத் தராத ஆள் குறைவு. தோட்டாவை நீங்கள் கொண்டுபோங்கள். நின்ற இடத்தில் நிதானமாகச் சுட்டு, துளைகள் நெருக்கமாக விழுந்தனவா என்று பார்ப்பது இங்கே பெரிதாக உதவாது. ஏழு மீட்டரில் வேகமாக இரண்டிரண்டாகச் சுடுங்கள். முதல் குண்டுக்குப் பின் முன்குறி மேலே போய் அதே இடத்துக்குத் திரும்பி வருகிறதா, இரண்டு குண்டுக்கு நடுவே பிடியைத் திரும்பச் சரிசெய்ய வேண்டியிருக்கிறதா என்று கவனியுங்கள்.

துப்பாக்கியோடு முடிவதில்லை

கையில் உள்ள பணம் முழுவதையும் துப்பாக்கியில் போட்டுவிடாதீர்கள். பாதியை ஒதுக்கி வையுங்கள். மேகசினிலிருந்து தொடங்குவோம். ஐபிஎஸ்சி நீளமான ஸ்டேஜ் அதிகபட்சம் 32 தோட்டா. 15 வீதம் கணக்குப் பார்த்தால் மூன்று மேகசின் போதும் போலத் தோன்றும். ஆனால் இரும்புத் தகட்டைத் தவறவிட்டால் திரும்பச் சுட வேண்டும். மேகசினை முழுதும் காலியாக்காமல் ஓடும்போதே மாற்றுவதுதான் வழக்கம். துப்பாக்கியில் ஒன்று, பெல்ட்டில் நான்கு, ஆக ஐந்து. மணலில் விழுந்து அடைத்துக்கொள்ள ஒன்று கூடுதலாக இருந்தால் நல்லது. துப்பாக்கி சிக்குவதற்கு மிகப் பொதுவான காரணமே மேகசின்தான். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதி வையுங்கள். மூன்றாம் எண்தான் எப்போதும் தகராறு செய்கிறது என்று அப்போதுதான் தெரியும்.

பெல்ட் விறைப்பாக இருக்கட்டும். உள்பட்டை ஒன்று, அதன்மேல் ஒட்டிக்கொள்ளும் வெளிப்பட்டை ஒன்று என்ற இரட்டை அமைப்பு நல்லது. உறை உங்கள் மாடலுக்கென்றே வார்த்த, கைடெக்ஸ் என்ற கெட்டிப் பிளாஸ்டிக் உறை. ட்ரிகர் பகுதியை முழுதும் மூட வேண்டும். உடலின் எந்த இடத்தில் அணியலாம் என்பதற்கும் டிவிஷன் வாரியாக விதி உண்டு. ஓபன் ஆட்கள் வைத்திருக்கும் எலும்புக்கூடு மாதிரி ரேஸ் உறையைப் புரொடக்ஷனுக்கு வாங்கிவிடாதீர்கள்.

மிச்சப் பணம் முழுவதும் தோட்டாவுக்கும் காலித் துப்பாக்கிப் பயிற்சிக்கும். நேரம் அளக்கும் ஷாட் டைமர் ஒன்று வாங்கினால் வீட்டுப் பயிற்சியும் போட்டி மாதிரி ஆகும். பயிற்சி செய்யும் அறையில் ஒரு தோட்டாகூட இருக்கக் கூடாது. துப்பாக்கியைக் காலியாகத் தட்டுவது பெரும்பாலும் கெடுதல் இல்லை. ஆனாலும் பழைய சிஇசட் 75 வகைகளில் தோட்டாவைத் தட்டும் ஃபயரிங் பின்னைப் பிடித்திருக்கும் சிறு ஊசி நாளடைவில் முறியலாம். போலித் தோட்டா போட்டுப் பழகுங்கள். போட்டித் திடலில் இருக்கும் பாதுகாப்புப் பகுதியில் மட்டும் அந்தப் போலித் தோட்டாவைக்கூட வெளியே எடுக்காதீர்கள், அங்கே அதற்கும் தகுதி நீக்கம்தான்.

முதல் போட்டிக்கு முன்

போட்டியில் சுடப் போகிற அதே தோட்டாவை, எல்லா மேகசினிலும் போட்டு, குறைந்தது 200 முறை சுட்டுப் பாருங்கள். ஒருமுறைகூட நிற்காமல் ஓடினால் சரி. நின்றால், எந்த மேகசின், எத்தனையாவது தோட்டா, எப்படிச் சிக்கியது என்று எழுதி வையுங்கள். ஒரே மேகசினில் மட்டும் நின்றால் அதை ஒதுக்குங்கள். எல்லாவற்றிலும் நின்றால் தோட்டாவை மாற்றிப் பாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் ரீகாயில் ஸ்பிரிங், எக்ஸ்ட்ராக்டர் பக்கம் போங்கள். அதுவரை கண்ணாடி, எடைக்கட்டி, பளபளப்பான கைப்பிடி எதையும் வாங்க வேண்டாம்.

போட்டி நாளன்று பதிவு மேசையில் இது உங்கள் முதல் போட்டி என்று சொல்லிவிடுங்கள். உங்கள் குழுவில் முதல் ஆளாகச் சுடக் கூப்பிட்டால், கொஞ்சம் பின்னால் தள்ளக் கேளுங்கள், பெரும்பாலும் சம்மதிப்பார்கள். நாலைந்து பேர் அந்த ஸ்டேஜை எப்படிச் சுடுகிறார்கள், எந்த இடத்தில் மேகசின் மாற்றுகிறார்கள் என்று பார்த்துவிட்டுக் களம் இறங்கலாம். துப்பாக்கியின் முனை இலக்கு இருக்கும் திசையிலிருந்து 90 டிகிரி எல்லையைத் தாண்டக் கூடாது, நகரும்போதும் மேகசின் மாற்றும்போதும் விரல் ட்ரிகர் வளையத்துக்கு வெளியே இருக்க வேண்டும். நடுவரான ரேஞ்ச் ஆபிசர் உங்களிடம் பார்க்கப்போவது பெரும்பாலும் இந்த இரண்டைத்தான்.